சலூன் கண்ணாடியில் மர அச்சு

ஸம்ஸியா, சாய்ந்தமருது ஆதம்பாவா மேசனாரின் மூத்த மகள். வாப்பா வீடு கட்டும் இடங்களுக்குப் பகல் சோறு கொண்டுபோவது சின்ன வயதில் அவளுடைய வேலை. அத்திவாரம் வெட்டக் கயிறு கட்டியிருக்கும் வளவுக்குள் நின்று, "இவ்வளவு சின்ன அறைக்குள்ள கட்டில் எப்பிடி வாப்பா போகும்?" என்று கேட்பாள்.

"கயிறாக் கிடக்கக்குள்ள எல்லா அறையும் சின்னந்தான் மகள். சுவர் எழும்பட்டும், வந்து பாரு" என்பார் மேசனார்.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அதே இடத்தில் நின்று இரு கையையும் விரித்துச் சுற்றலாம். அந்த வியப்பு அவளைவிட்டுப் போகவே இல்லை. உயர்தர வகுப்பில் கணிதம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்கு நாலைந்து புள்ளிகள் குறைந்தன. அழுதுகொண்டு வீட்டில் இருக்காமல், அம்பாறைக்குப் பஸ்ஸில் போய்ப் படவரைஞர் பயிற்சி எடுத்தாள். வகுப்பில் மூன்றே மூன்று பெண்கள். பயிற்சி முடிந்ததும், 1995இல், கல்முனைப் பிரதான வீதியில் குணம் என்பவர் நடத்திய படம் வரையும் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

குணம் காரைதீவுக்காரர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருபத்தெட்டு வருடம் வாய்க்கால்களும் மதகுகளும் வரைந்து ஓய்வுபெற்றவர். மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து, வீட்டுப் படங்களுக்கு நகரசபை அனுமதி எடுத்துக் கொடுக்கும் தொழில் செய்தார். கீழே ஒரு சலூன். படியேறும்போதே பவுடர் வாசம் வரும்.

அடுத்த வருடம் குணம் கொழும்புக்குப் போய் ஒரு கணினி வாங்கி வந்தார். மதிப்பீட்டுக் கடிதங்களை அழகாகத் தட்டச்சுச் செய்வதற்குத்தான் வாங்கினார். விற்றவன், "படம் வரையிறதும் இதுக்குள்ள போட்டிருக்கன் ஐயா" என்று ஓட்டோகேட் மென்பொருளையும் ஏற்றிவிட்டிருந்தான். குணம் அதை ஒருமுறை திறந்து பார்த்தார். கறுப்புத் திரையும் ஒரு சிலுவைக் குறியும் தெரிந்தன. மூடிவிட்டார்.

ஸம்ஸியா மூடவில்லை. கூடவே வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தாள். மூன்று மாதத்தில் வீட்டுப் படங்களைக் கணினியிலேயே வரையத் தொடங்கினாள். கதவு ஒரு அடி தள்ளிப்போனால் ட்ரேசிங் தாளைச் சவர அலகால் சுரண்ட வேண்டியதில்லை என்பதைக் கண்டதும் குணம் தன் வரைபலகையை மூலைக்குத் தள்ளிவிட்டார். "நீயே பார்த்துக்கொள் பிள்ளை" என்றார்.

புத்தகத்தின் கடைசிப் பகுதியை அவள் பகல் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். குணம் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பார். தட்டையான கோட்டைத் திண்மமான பொருளாக்குவது எப்படி என்று அந்தப் பகுதி சொன்னது. ஒரு தூணின் சதுரத்தை வரைந்து, 'எக்ஸ்ட்ரூட்' என்று தட்டி, உயரம் பத்தடி என்று கொடுத்தாள். கணினி மறுத்துவிட்டது. திரும்பவும் தட்டினாள், திரும்பவும் மறுத்தது. ஒரு மூலையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தபோது, இரண்டு கோடுகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தது. அதை மூடிவிட்டு மறுபடி தட்டினாள்.

மேலிருந்து பார்க்கையில் எதுவும் மாறவில்லை. அதே சதுரம். பார்க்கும் திசையை மூன்று எண்களாகக் கொடுத்தாள். திரை ஒருமுறை வெறுமையானது. பிறகு கோடு கோடாக, சரிந்து, ஒரு தூண் எழுந்து நின்றது.

அவள் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். பக்கத்தில் ஆள் இல்லை, இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். அன்று சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது.

"இஞ்ச புள்ள, சோறு அப்பிடியே கிடக்கு. சுகமில்லையா?" என்று கேட்டாள் உம்மா சுபைறா.

"ஒரு தூண் கட்டினன் உம்மா."

"வாப்பாக்குத் துணைக்குப் போனயா?"

"இல்ல, கொம்பியூட்டர்ல."

சுபைறா மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பகல் நேரங்கள் எல்லாம் அவளுக்குத் திருவிழாதான். பெரிய உருளைக்குள் சின்ன உருளையை வைத்து, சின்னதைக் கழி என்று சொன்னால் குழாய் கிடைத்தது. ஒரு கிண்ணத்தின் பாதி விளிம்பை மட்டும் வரைந்து சுழற்றினால் முழுக்கிண்ணம் வந்தது. மேசையில் இருந்த பசைப் போத்தல், குணம் சேரின் மூக்குக் கண்ணாடிக் கூடு, கீழே சலூனில் இருந்த சுழல்நாற்காலி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். வேலைக்கு உதவாத விளையாட்டு என்று அவளே நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

1998 தை மாதம், பெரும்போக அறுவடைக்குக் கொஞ்ச நாளே இருக்கையில், சம்மாந்துறையிலிருந்து காலிதீன் ஹாஜியார் படியேறி வந்தார். அவருடைய நெல் மில்லில், பதின்மூன்று வருடமாகப் பெட்டியோடு கிடந்த ஜப்பான் இயந்திரம் ஒன்றை இந்த முறை ஓட்டிவிட வேண்டும் என்று இறங்கியிருந்தார். இயந்திரத்தைத் துடைத்து எடுத்துப் பார்த்தால், உமியை வெளியே தள்ளும் இரும்புக் கூடு மட்டும் இல்லை. பழைய இரும்பென்று யாரோ எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். அப்படி ஒரு கூட்டைக் கண்ணால் கண்டவர் ஊரில் யாரும் இல்லை. கொழும்பில் கேட்டால் அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்றார்கள். ஹாஜியாரிடம் இருந்தது ஒரு படத்தின் போட்டோக் கொப்பி மட்டும். முன்னிருந்து பார்த்த தோற்றம், அதன் வலப்புறத்தில் பக்கத் தோற்றம், மேலே இன்னொன்று, மூலையில் ஜப்பான் எழுத்துகள்.

குணத்துக்கு இயந்திரப் படமும் வாசிக்கத் தெரியும். வாசித்துச் சொன்னார். தோணியும் மரவேலையும் செய்யும் பெரியநீலாவணை நல்லரெத்தினம் ஓடாவியார் அதைக் கேட்டு மரத்தில் அச்சுச் செதுக்கினார். வார்ப்புப் பட்டறையில் அந்த அச்சை மணலில் பதித்து இரும்பு வார்த்தார்கள்.

கூட்டை மில்லுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தார்கள். திருகாணித் துளைகள் எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தின. ஆனால் உமி வெளியே போக வேண்டிய வாய், முற்றத்தைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்த்து நின்றது. கூட்டைத் திருப்பிப் போட்டால் அச்சாணி போகும் துளை மறுபக்கம் போய்விட்டது. இடக்கால் செருப்பை வலக்காலில் போட்ட கதைதான்.

மறுநாள் காலை நல்லரெத்தினம் ஓடாவியார் மர அச்சைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, கல்முனைக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். அதிகம் கதைக்காதவர். அன்று படியேறும்போதே கதைத்துக்கொண்டு வந்தார்.

"சேர், நீங்க சொன்னபடிதானே நான் செதுக்கினன்? ஹாஜியார் ஊரெல்லாம் சொல்லித் திரியிறாராம், நீலாவணை ஓடாவிக்குக் கை பழுதாப் போச்செண்டு."

"அவர் கோபத்தில சொல்லியிருப்பார், நல்லரெத்தினம். ஏதாவது ஒரு அளவு மாறியிருக்கும்."

"ஒரு நூலும் மாறல்ல. அளந்து பாருங்க."

அச்சை மேசையில் வைத்தார். தேக்கில் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி, கை வைத்தால் வழுக்கும்படி செய்திருந்தார். ஸம்ஸியா எழுந்து வந்து பார்த்தாள். இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சேர், நான் இதைக் கொம்பியூட்டர்ல எழுப்பிப் பார்க்கட்டா?"

"எழுப்பிறதோ? அது வீட்டுப் படம் இல்லை பிள்ளை."

"தெரியும் சேர். ஒரு நாள் தாங்க."

குணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குள்ள அதுவும் செய்யலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

அவள் முதலில் குணம் வாசித்தபடியே செய்தாள். முன்தோற்றத்தின் விளிம்பை மூடிய கோடாக வரைந்து தடிப்புக் கொடுத்தாள். உள்ளே வயிற்றுப் பகுதியை உருளையாக்கிக் கழித்தாள். துளைகளைக் கழித்தாள். வாயைத் தனியாகச் செய்து கொண்டுவந்து ஒட்டினாள். இடையில் ஒருதரம் மின்சாரம் நின்றுபோய், சேமிக்காத ஒரு மணி நேர வேலை காற்றோடு போனது. மறுபடி செய்தாள். பின்னேரம் மூன்று மணிக்குக் கூடு திரையில் நின்றது. மறைந்த கோடுகளை நீக்கச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால், இரும்புத் துண்டுபோலவே தெரிந்தது.

ஓடாவியார் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தார். மர அச்சை எடுத்து, திரையில் தெரிந்த சாய்வுக்கே பிடித்துப் பார்த்தார். மரமும் படமும் ஒன்றாக இருந்தன.

"சேர், ஓடாவியார் ஒரு பிழையும் விடல்ல" என்றாள் ஸம்ஸியா. "நாம சொன்னதத்தான் அப்பிடியே செதுக்கியிருக்கார்."

ஓடாவியார் சால்வையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஜப்பான்காரன் பிழையாக் கீறினவனோ?" என்றார் குணம்.

அவள் கொப்பியைத் திரும்ப விரித்தாள். பொருளின் மறைந்த பக்கத்தைத் துண்டுக்கோட்டால் காட்டுவார்கள். அதைப் பார்த்தால் எந்தப் பக்கம் நின்று வரைந்தார்கள் என்று பிடித்துவிடலாம். ஆனால் கொப்பியில் மை ஊறி, துண்டுக்கோடும் முழுக்கோடும் ஒரே தடிப்பாகக் கிடந்தன. அப்போதுதான் பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு நாள் சொல்லித் தாண்டிப்போன பாடம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. இங்கே எல்லாரும் படிப்பது இங்கிலாந்து முறை. அந்த முறையில், பொருளை இடப்பக்கம் நின்று பார்த்தால் தெரிவதை முன்தோற்றத்துக்கு வலப்புறம் வரைவார்கள். வேறு சில நாடுகளில், வலப்பக்கம் நின்று பார்ப்பதை வலப்புறத்திலேயே வரைவார்கள். இரண்டு முறையும் சரி. ஆனால் ஒரு முறையில் வரைந்ததை மற்ற முறையில் வாசித்தால், முன்பக்கம் பின்பக்கமாகிவிடும்.

அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசித்தவர் குணம். ஓடாவியார் பக்கத்தில் இருக்கிறார்.

"சேர்... நாம வாசிச்ச பக்கம்தான் மாறியிருக்கும்போல."

குணம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"இருபத்தெட்டு வருசம்! நான் கீறின மதகெல்லாம் நல்ல காலம் இந்த நாட்டுக்குள்ளயே கட்டினவங்கள்" என்றார். "திருப்பிச் செய் பிள்ளை. இப்பவே செய்."

மறுபக்கம் திருப்புவதற்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது. புதிய கூடு திரையில் வந்தது. வாய் இந்தப் பக்கம். ஓடாவியார் திரைக்கு மிக அருகில் வந்து குந்திக்கொண்டார். "மேலால காட்டு தங்கச்சி" என்றார். அவள் எண்களைத் தட்டினாள். திரை வெறுமையாகி, படம் மேலிருந்து தெரிந்தது. "அடிப்பக்கம்?" அடியும் தெரிந்தது. "இஞ்சால கொஞ்சம் சரிச்சு." சரித்தாள். வாழ்க்கையில் ஒருநாளும் படம் வாசித்துப் பழகாத மனிதர், பத்து நிமிடத்தில் அந்தக் கூட்டின் எல்லா மூலையையும் மனதுக்குள் எடுத்துக்கொண்டார்.

ஹாஜியாரை நம்பவைப்பதுதான் அடுத்த வேலை. தகவல் போய், மறுநாள் காலை அவர் வந்தார். குணம் இரண்டு முறைகளையும் தாளில் கீறி விளக்கினார். ஹாஜியாருக்குப் பிடிபடவில்லை. ஸம்ஸியா அச்சடித்துக் கையில் வைத்திருந்த புதிய கூட்டின் படத்தையும் மேசையில் இருந்த மர அச்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டுபோலத்தானே கிடக்கு? திரும்பவும் வார்த்து, திரும்பவும் சுவரைப் பார்த்தா நான் என்ன செய்யிற?"

ஓடாவியார் மர அச்சைத் தூக்கினார். "வாங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எல்லாரும் பின்னால் போனார்கள். நேரே சலூனுக்குள் நுழைந்தார். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு இருந்தார். சலூன்காரர் கத்தியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். ஓடாவியார், "ஒரு நிமிசம் தம்பி" என்று சொல்லி, மர அச்சைச் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார்.

"இப்ப அந்தப் படத்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில பிடி தங்கச்சி."

ஸம்ஸியா வாசலில் தயங்கி நின்றாள். ஆண்கள் சலூனுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. ஹாஜியாரே அவளிடமிருந்து படத்தை வாங்கிப் போய்க் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். ஓடாவியார் அச்சை மெல்லச் சரித்து, ஒரு நிலையில் நிறுத்தினார். கண்ணாடிக்குள் தெரிந்த மரக் கூடும் தாளில் இருந்த கூடும் ஒரே வார்ப்பு. அதே வாய், அதே பக்கம், அதே துளை.

நுரை முகத்துக்காரர்தான் முதலில் பேசினார். "ஓம், ஓம், கண்ணாடிக்குள்ள இருக்கிறதுதான் சரியான சாமான்!"

"சுப்ஹானல்லாஹ்" என்றார் ஹாஜியார். படத்தைக் கீழே இறக்கிவிட்டு ஓடாவியாரின் கையைப் பிடித்தார். "ஓடாவியார், மன்னிச்சிக்கங்க. நான் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன். எங்கெங்க போய்க் கதைச்சனோ அங்கயெல்லாம் போய் மாத்திச் சொல்லுறன்." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "நீ ஆருட மகள் மனே?"

"ஆதம்பாவா மேசன்ட மகள்."

"எங்கட மில்லுக்குச் சுவர் வெச்ச மேசனா? மாஷா அல்லாஹ்!"

ஓடாவியார் புதிய அச்சை ஒன்பது நாளில் முடித்தார். நடுவில் இரண்டு தரம் சைக்கிளில் வந்து, "வாய் சேருற இடத்த ஒருக்காக் காட்டு" என்று பார்த்துவிட்டுப் போனார். அச்சு பட்டறைக்குப் போனது. வார்ப்பு நல்லபடியாக இறங்கியது. கடைச்சல் பட்டறையில் துளைகளைச் சீர்செய்தார்கள்.

இயந்திரத்தை ஓட்டிய நாளன்று ஹாஜியார் வான் அனுப்பினார். ஸம்ஸியாவும் மேசனாரும் சுபைறாவும் குணமும் அதில் போனார்கள். சம்மாந்துறை வீதி நெடுக நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள். மில்லுக்குள் போனதும் ஸம்ஸியா நேரே கூட்டின் அருகே போய் அதன்மேல் கை வைத்தாள். ஒவ்வொரு விளிம்பின் அளவும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அது இவ்வளவு குளிராக இருக்கும், இவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. தூக்கிப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நாலு பேர் பிடித்துத்தான் பூட்டினோம் என்று சொல்லி மில் ஆட்கள் சிரித்தார்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஹாஜியார் மின்சார ஆளியைப் போட்டார். நிலம் அதிர்ந்தது. மேலே நெல்லைக் கொட்டினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எல்லாரும் கூட்டின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திடீரென்று முற்றத்துப் பக்கம் பொன்னிறமாக உமி பறந்தது. அங்கே நின்ற சுபைறாவின் முக்காட்டில், தோளில், எல்லாம் உமி. தட்டிவிடக்கூட மறந்து, "எண்ட மகள் செஞ்சது! எண்ட மகள் செஞ்சது!" என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

"செஞ்சது ஓடாவியார், உம்மா" என்றாள் ஸம்ஸியா.

"சும்மா இரு புள்ள" என்றார் அப்பால் நின்ற ஓடாவியார். அவர் முகத்திலும் உமி ஒட்டியிருந்தது.

அந்தக் கதை மில்லுக்கு மில் போனது. உடைந்த பல்சக்கரம், தேய்ந்த கப்பி, பெயர் தெரியாத பாகம் என்று எதையெதையோ தூக்கிக்கொண்டு ஆட்கள் மாடிக்கு ஏறத் தொடங்கினார்கள். குணம் அவளுக்கென்று தனி மேசை போட்டு, பெயர்ப்பலகையில் 'இயந்திரப் பாகங்களும் வரையப்படும்' என்று ஒரு வரி சேர்த்தார். அடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். சீதன வீடு கட்ட மேசனார் கயிறு எடுப்பதற்கு முன்பே, அவள் அந்த வீட்டைக் கணினியில் எழுப்பி உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சமைக்கும் குசினி யன்னல் அடுத்த வீட்டார் குளிக்கும் கிணற்றடியைப் பார்க்கிறது என்பதைச் சுபைறா திரையில் பார்த்தே கண்டுபிடித்தாள். யன்னல் அன்றைக்கே இடம் மாறியது.

கலியாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் கிழமை, நல்லரெத்தினம் ஓடாவியார் வந்தார். இந்த முறை சாக்கு மூட்டை இல்லை. கையில் ஒரு பள்ளிக் கொப்பி. அதில் பக்கம் பக்கமாக அளவுகள்.

"ஒரு தோணி கட்டிக்கொண்டிருக்கன் தங்கச்சி. நான் கட்டின தோணி ஒண்டுக்கும் படம் இல்லை. எல்லாம் கண் பார்வைதான். இத மட்டும் ஒருக்கா உன்ட பெட்டிக்குள்ள பார்க்க ஆசை."

தோணி எங்கும் வளைவு. மில் கூட்டைச் செய்த வழிகள் அதற்குப் போதவில்லை. விலாக் கட்டைகளை ஒவ்வொன்றாக வளைகோடாக வரைந்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தோல் போர்த்துவதுபோல் பரப்பை இழுத்து, மூன்று நாள் மல்லுக்கட்டினாள். நாலாம் நாள் ஓடாவியாரைக் கூப்பிட்டாள். கறுப்புத் திரையில், தண்ணீரும் இல்லாமல் மணலும் இல்லாமல், தோணி தனியே மிதந்தது. அவர் வழக்கம்போல் குந்திக்கொண்டார். மேலால பார்த்தார், அடியால பார்த்தார், தோணியின் முன்முனையான அணியத்துக்கு நேரே நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பின்பக்கம் ஒரு விரல் கூடத் தடிப்பு" என்றார் கடைசியில். "குறைக்கணும்."

"என்ட படத்திலயா ஓடாவியார், உங்கட தோணியிலயா?"

"ரெண்டிலயுந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவள் படத்தில் குறைத்துக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, உளியைத் தீட்டப் போக வேண்டும் என்று அவசரமாகப் படியிறங்கினார்.